அண்ணன் தின்ற ஜிலேபி

எழுபத்தொன்றில் சண்டை முடிந்ததும் ஊரெல்லாம் பட்டாசு. பட்டாளத்துக்குப் போன என் அண்ணனைப் பற்றி மட்டும் ‘தகவல் இல்லை’ என்று தந்தி. அம்மா சரியாகச் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அடிபட்ட சிப்பாய்களை செகந்திராபாத் ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணனைப் பற்றி விசாரிக்க, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு அப்பா, அம்மா, நான் மூவரும் ஆரஞ்சுப் பையுடன் அங்கே ஆஜர்.

செகந்திராபாத்தில் மாரெட்பள்ளிக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. பாலாநகர் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக உள்ளூர்க்காரர்களிடம் வேலை வாங்கும் அப்பாவோ, “எனக்கு இந்தி வராதுட்டி, நீயே கேளு” என்று பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்கும் என்னை முன்னே தள்ளினார். ஒன்பது வயதில் உத்தியோகம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் கட்டிலில் ஒரு மீசைக்காரர். அண்ணனின் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரியவில்லை, அந்தப் பக்கம் போன பலர் திரும்பவேயில்லை என்று இந்தியில் சொன்னார்.

“என்னட்டி சொல்லுதாரு?” அம்மா என் வாயையே பார்த்தாள்.

“பாத்தாராம்மா! அண்ணன் நல்லா இருக்கானாம்!” எப்படி வந்தது என்றே தெரியவில்லை, வந்துவிட்டது.

அப்பா இருமினார். “ஸ்வெட்டர் போட்டிருந்தானான்னு கேளு.”

நான் மீசைக்காரரிடம் அவருக்கு எந்த ஊர் என்று கேட்டேன். அவர் சொன்ன ஊர் என் வாயில் பச்சை ஸ்வெட்டராக மாறியது.

“நான் பின்னுனதுல்லா அது! ஸ்தோத்திரம் ஆண்டவரே!” வீட்டுக்கு வந்ததும் அம்மா மூன்று தோசை சாப்பிட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? வாராவாரம் என் அண்ணன் கட்டிலுக்குக் கட்டில் வளர்ந்தான். கேரம்போர்டில் கர்னலையே தோற்கடித்தான். ஒரே மூச்சில் பன்னிரண்டு ஜிலேபி தின்றான்.

“பன்னிரண்டா? ஆறுன்னு சொல்லியிருப்பாரு. சரியாக் கேளு” என்று அப்பா திருத்தினார்.

மார்ச்சில் ஒருநாள் வாசலில் ஆட்டோ நின்றது. தடியூன்றி இறங்கியது நிஜ அண்ணன்! வடக்கே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பெயர்ச்சீட்டு மாறி, காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தானாம். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். “மெலிஞ்சு போயிட்டியேய்யா! ஆறு ஜிலேபி தின்னியாமே?”

“ஜிலேபியா? யாரும்மா சொன்னது?”

எனக்கு உயிரே போயிற்று. அப்போது அப்பா, அம்மாவின் தலைக்கு மேலாக அண்ணனிடம் அசல் ஹைதராபாத் சந்துப் பேச்சில் பொரிந்தார்: “கைக்கு ரே வோ பாதாங்? நக்கோ! ஹவ் போல் தே!” அந்தப் பேச்சு இப்போது எதற்கு, ஆமாம் என்று சொல்லிவிடு என்று.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “ஆமாம்மா. ஆறுதான்.”

அப்பாவுக்கு இவ்வளவு இந்தி எப்போது வந்தது என்று வாயைப் பிளந்தேன். அப்படியானால் முதல் நாள் மீசைக்காரர் சொன்னது? அதுவரைக்கும் என் புத்தி போகவில்லை. இனி என் உத்தியோகம் போச்சே என்பதுதான் என் கவலை.