முகம் பார்த்துக் கேட்டவர்

ஸ்ரீஜித் அந்தக் காரை வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. சொந்த ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்; வேலை மலையாளத்துத் தலைநகரில். வீட்டில் முதல் பட்டதாரி அவன்; முதல் கார்க்காரனும் அவனே. பழைய கார்தான். ஆனால் பிரேக்கை மிதித்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆபீசில் யாரோ ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போகச் சொல்ல, அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருந்த சந்தில், பூதலிங்கத்தின் பட்டறை வாசலில் வந்து இறங்கினான்.

"அண்ணாச்சி, பிரேக்கு கிடந்து கீச்சிடுது. ஆபீஸ் கேட்டுல செக்யூரிட்டி சேட்டன் சல்யூட் அடிக்கதுக்குப் பதிலா காதைப் பொத்துதாரு."

"பொத்தட்டு. ஆளு வருதுன்னாவது தெரியுமில்லா?" என்றார் பூதலிங்கம். "சக்கரத்தைப் பெறகு கழத்துவோம். மொதல்ல கேக்கணும். நீ ஓட்டு தம்பி."

அதுதான் அவர் முறை. பின்சீட்டில் நடுவே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கிள்ளிப்பாலம், அட்டக்குளங்கரை, கிழக்கேகோட்டை என்று ஒரு சுற்று. திரும்பி வந்து இறங்கியதும் ஏதாவது ஒரு சக்கரத்தின் மேல் பொத்தென்று தட்டுவார். அதை மட்டும் கழற்றினால் போதும். நாலையும் கழற்றிப் பார்க்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "வயித்துவலின்னு போனா டாக்டரு காலையுமா அறுத்துப் பாப்பான்?" என்பார். முப்பது வருடப் பெயர் அது.

இரண்டு வருடமாக அவர் கண்ணை மூடுவதில்லை.

பேச்சு கேட்கும். பஸ் ஹாரன் கேட்கும். எஞ்சின் லேசாக இருமினாலும் கேட்கும். பிரேக்கின் அந்தச் சன்னமான கீச்சு மட்டும் கேட்பதில்லை. எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியாது. மனைவி சொர்ணம்மாளிடம்கூடச் சொல்லாமல் காது டாக்டரைப் போய்ப் பார்த்தார். போனது போனதுதான், மெஷின் வைத்தால் பேச்சுக்கு உதவும் என்றார் டாக்டர். பேச்சுக்கு அவருக்கு உதவி தேவைப்படவில்லை.

அதனால் ஓட்டுகிறவருக்கு மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்க்கப் பழகிக்கொண்டார். சத்தம் வந்தால் வண்டிக்காரர் முகம் சுளிக்கும். உடனே "ம், கேட்டாச்சு" என்பார். சத்தம் வருகிறது என்று முகம் சொல்லும். எந்தச் சக்கரம் என்று சொல்லாது. அதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லிவந்தார். முன்சக்கரங்கள் சீக்கிரம் தேயும் என்பதால் பெரும்பாலும் பலித்தது.

ஸ்ரீஜித்தின் காரில் பலிக்கவில்லை. முன் இடது என்று தட்டி, பிரேக் பேடு மாற்றினார். நாலாம் நாள் அவன் திரும்பி வந்தான். முன் வலது என்றார். மறுபடியும் வந்தான்.

நாலையும் கழற்றிப் பார்த்திருக்கலாம். அரைநாள் வேலை. ஆனால் பக்கத்துச் சந்து மெக்கானிக் யூசுப் எட்டிப் பார்ப்பான். "எந்தா அண்ணாச்சி, செவிக்கு லீவா?" என்பான். விளையாட்டாகத்தான் கேட்பான். ஆனாலும் அந்தச் சந்தில் பூதலிங்கம் என்றால் காதுதான். அதுவும் இல்லையென்றால் அவர் இன்னொரு ஸ்பேனர்காரர், அவ்வளவே.

"ஏறு, கேப்போம்" என்றார் மூன்றாம் முறையும். மழை பிடித்துக்கொண்டது. அட்டக்குளங்கரையில் ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. ஸ்ரீஜித் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான்.

"ம், கேட்டாச்சு. முன்னால இடதுதான். அந்தப் பேடு சரியில்ல, வேற போட்டிரலாம்."

ஸ்ரீஜித் வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணாச்சி."

"சொல்லு."

"மழையில நனைஞ்சதுலேருந்து இன்னைக்குச் சத்தமே வரல்ல. நான் அந்தப் பஸ்காரனைப் பாத்துல்லா மொறைச்சேன்."

வைப்பர் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவன் கண்கள் அவரையே பார்த்தன. இரண்டு வருடத்துக்குப் பிறகு பூதலிங்கம் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தனை நாளா அண்ணாச்சி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

கிழக்கேகோட்டை சிக்னலில் நின்றபோது ஸ்ரீஜித் மெல்லச் சொன்னான். "எனக்கு மொதல்லேருந்தே பின்னால, வலதுபக்கம்னுதான் தோணிச்சு. நீங்க இவ்வளவு பெரிய ஆளு. நான் போயி எதித்துச் சொல்லப்பிடாதுன்னு இருந்துட்டேன்."

"பின்னாலயா?" பூதலிங்கம் தன் வலதுபக்கம் பார்த்தார். மூன்று முறையும் அந்தச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்கு வந்து பின் வலது சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினார்கள். உள்ளே உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழுவழுத்து, தூசி அப்பிக் கிடந்தது. பூதலிங்கம் உரசிச் சுத்தம் செய்து பூட்டினார். மழை விட்டு ரோடு காய்ந்த பிறகு ஸ்ரீஜித் சந்துமுனை வரை நாலு தடவை ஓட்டிப் பிரேக் பிடித்துக் காட்டினான். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் அவர் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தது.

"நின்னுட்டுதா?" என்று கேட்டார்.

"நின்னுட்டு அண்ணாச்சி."

நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

மறுவாரம் யூசுப்பிடம் அவரே போய்த் தன் காதைப் பற்றிச் சொன்னார். யூசுப் விளையாட்டாக ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "இரிக்கீன் அண்ணாச்சி" என்றான். அவர் உட்காரவில்லை.

பூதலிங்கத்துக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அதே பட்டறையில் ஆயில் மாற்றுகிறார், ரேடியேட்டர் பார்க்கிறார். பிரேக் சத்தம் என்று யாராவது வந்தால், யூசுப்பின் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறார்.