லோட் எடுக்காத கார்

லுத்பியா டீச்சர் கார் ஓட்டப் பழகியது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. கணவர் இருந்தவரை அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கணவர் மௌத்தானபின், வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கீழே நின்ற காரில் தூசி படிவதைப் பார்க்கப் பொறுக்காமல் பழகினார். அது இடக்காலால் கிளச் மிதிக்கத் தேவையில்லாத ஓட்டோ கியர் கார். அதனால் லைசன்ஸிலும் ஓட்டோ கியர் வாகனம் மட்டுமே ஓட்டலாம் என்று போட்டுக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பார்த்த அவருடைய அண்ணன் ராசிக் நானாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இதென்ன தங்கச்சி, ஒரு காலுக்கு மட்டும் லைசன்ஸ் தந்தீக்கி?"

"மத்தக் காலை உங்களுக்கு உதைக்க வெச்சீக்கி, நானா."

அவர் நல்ல ஓட்டுநர் என்று சொல்லிவிட முடியாது. வாகனங்கள் நெரியும் காலி வீதியில் வலப்பக்கம் திரும்பப் பயந்து, ஊரைச் சுற்றி இடப்பக்கமாகவே போய்ச் சேருவார். ஆனால் வருகிறேன் என்று சொன்னால் வருவார். மனிதர்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

அதே தொடர்மாடியின் கீழ்த்தளப் பின்னறையில் மயிலம்மா இருந்தார். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிப்பவர். மார்பில் கட்டி வந்து வெட்டியபின், மகரகம ஆஸ்பத்திரியில் வார நாட்களில் தினமும் கதிர்ச் சிகிச்சை. "கரண்ட் வைக்கிறது" என்பார் அவர். இடையில் ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறன். முடியிற வரைக்கும்," என்றார் லுத்பியா.

பாதி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு காருக்கு நோய் வந்தது. கியரை 'டி'யில் போட்டால் சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஒரு நாள் நுகேகொடை மேம்பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, கார் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். மயிலம்மா முன் சீற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

அன்று சிகிச்சை முடிந்ததும் லுத்பியா காரை நேரே கொட்டாஞ்சேனைக்கு விட்டார். அங்கே பீற்றரின் கராஜில் ஓட்டோ கியர் வேலை மட்டும்தான். மயிலம்மாவைக் காருக்குள்ளேயே இருக்க வைத்தபடி பீற்றர் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"டீச்சர், இது லோட் எடுக்குதில்லை. கழட்டித்தான் பாக்கோணும். கார் கொஞ்ச நாள் இங்க நிக்கும்."

"இப்ப ஏலா பீற்றர். இவங்கட வைத்தியம் முடியட்டும்."

"அப்ப பொத்திப் பொத்தி ஓடுங்கோ. நடுரோட்டில நிண்டா என்னைத் திட்டக்கூடாது."

அதற்குப் பிறகு மயிலம்மா தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியும் இல்லை. ஆஸ்பத்திரி அட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "வந்து சாப்பிட்டுக்கிறேங்க" என்பார். அடுத்த திங்கட்கிழமை காலை, காரின் கதவைத் திறக்காமல் வெளியே நின்றே சொன்னார்:

"டீச்சர், இனிமே நான் பஸ்ல போய்க்கிறேங்க."

"ஏன்?"

"சும்மாதாங்க."

லுத்பியா மேலே போய்த் தேநீர் ஊற்றினார்; குடிக்கவில்லை. தான் கார் ஓட்டும் விதத்துக்கு மயிலம்மா பயந்துவிட்டார் என்றே நினைத்தார். ராசிக் நானாவின் பகிடி அன்றைக்குத்தான் சுட்டது. நோயாளியின் பயத்தோடு வாதாட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் உதவவில்லை.

மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு காலி வீதிக்குப் போனார். பஸ் தரிப்பிடத்துக் கம்பத்தில் சாய்ந்தபடி மயிலம்மா நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. லுத்பியா காரைத் தரிப்பிடத்திலேயே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"மயிலம்மா, ஏறுங்க!"

"வேணாங்க டீச்சர். பஸ் வந்துரும்."

"என்ட ஓட்டத்துக்குப் பயமா? உண்மையச் செல்லுங்க."

"ஐயோ, அதில்லீங்க!" மயிலம்மா குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார். "வண்டி லோடு எடுக்கலைன்னு அந்த பீற்றர் ஐயா சொன்னாருல்ல. நான்தானேங்க லோடு."

லுத்பியாவுக்கு முதலில் விளங்கவில்லை. எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் பீற்றர் அப்படிச் சொன்னார். கராஜில் அதற்கு அதுதான் பேச்சு. மலையில் கொழுந்துக் கூடை சுமந்த மயிலம்மாவுக்கு லோடு என்றால் முதுகில் ஏறுவது. தண்ணீர்ப் போத்தலையும் சாப்பாட்டையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், குறைப்பதற்கு வேறெதுவும் மிஞ்சாதபோது தன்னையே இறக்கிக்கொண்டார்.

"லூசா மயிலம்மா நீங்க? நீங்க இல்லாட்டியும் அது இழுக்காது! கியர் பொக்ஸ்தான் பழுது! ஏறுங்க!"

அவர் ஏறினார். லுத்பியா கியரை 'டி'யில் போட்டார். கார் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பின்னால் பஸ் வந்து ஹோர்னில் கை வைத்தது.

"அல்லாஹ்வே, இன்டைக்கா!"

ஆட்டோக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "நியூட்ரலுக்குப் போடுங்க மிஸ், தள்ளுவம்." பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் கைகொடுக்க, கார் பக்கத்து ஒழுங்கைக்குள் ஓரமாகப் போய் நின்றது. லுத்பியா பீற்றருக்குப் போன் எடுத்தார். "வந்து கொண்டு போங்க. எவ்வளவு நாளென்டாலும் வெச்சிக்கோங்க." பிறகு கதவைப் பூட்டிவிட்டு மயிலம்மாவின் கையைப் பிடித்தார்.

"டீச்சர், நீங்க எங்கங்க வர்றீங்க?"

"முடியிற வரைக்கும் கூட்டிட்டுப் போறன்டு சென்னன். கார்ல என்டு செல்லல்லயே."

வந்த பஸ்ஸில் போய்த் தெஹிவளையில் இறங்கி மகரகம பஸ்ஸில் ஏறினார்கள். நெரிசல். "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட!" என்று கண்டக்டர் எல்லோரையும் முன்னால் தள்ளினார். ஒரு பள்ளிப் பிள்ளை எழுந்து மயிலம்மாவுக்கு இடம் கொடுத்தது. பஸ்ஸில் நின்று பழக்கமில்லாத லுத்பியா ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆடினார்.

"டீச்சர், மேல கம்பிய நல்லா புடிங்க. அந்தப் பேக்க இங்க குடுங்க."

இருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைப்பது கொழும்பு பஸ்ஸில் வழக்கம்தான். லுத்பியா தயங்கினார். பையில் இரண்டு பேருக்கும் தண்ணீர், பிஸ்கட், குடை எல்லாம் இருந்தன.

"பாரம் மயிலம்மா."

"குடுங்க டீச்சர்," என்று மயிலம்மா கையை நீட்டினார். "நான் லோடு எடுப்பேங்க."