அடிவாரத்தில் கேட்ட அரை மணி நேரம்

தனகோட்டி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது முருகையன். தனகோட்டியின் மனைவி பச்சையம்மாவின் தம்பி. பதினோரு வருடமாக அக்கா புருஷனோடு ஒரு வார்த்தை பேசாதவன். பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், மாமா பூட்டாரு" என்றான். எந்த மாமா என்று கேட்டேன். "எனக்கு எத்தினி மாமா சார் இருக்காங்க" என்றான். காலையில் பாகூர் லோடு வண்டி ஸ்டாண்டுக்கு வந்து வண்டியில் உட்கார்ந்து லோடுக்காகக் காத்திருந்தபோதே தனகோட்டிக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்து வண்டிக்காரர் ஒரு டீ வாங்கி வந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

ஸ்டாண்டு நண்பர்கள் நீங்கள் வந்து படத்திறப்புக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். "நீங்கதான் சார் அவருக்கு ரொம்பப் பழக்கம், வாத்தியாரு வேற" என்றீர்கள். எழுதியிருக்கிறேன். ஆனால் இது நல்ல வார்த்தையோடு நிற்கப் போவதில்லை. படித்து முடித்ததும் என்னை எழுந்து போகச் சொன்னால் போய்விடுகிறேன்.

நானும் செல்வியும் அரியூரிலிருந்து பாகூருக்குக் குடிவந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். நாம் குட்டி யானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி அவருடையது. வந்து இறங்கியதும் வாடகை பேசவில்லை, நேராக வீட்டுக்குள் போய் ஒவ்வொரு சாமானாகத் தட்டிப் பார்த்தார். பீரோ, கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாம் முன்னால் போய் கேபினோடு ஒட்டிக்கொண்டன. "கனமெல்லாம் டிரைவர் முதுகுல சாயணும் சார். அப்பத்தான் வண்டி நம்ம பேச்சக் கேக்கும்" என்றார். நான் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு சுவர்க் கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். "இத நீங்க புடிச்சிக்கங்க. சும்மா நின்னா வூடு காலியாவுதேன்னு மனசு கெடந்து அடிச்சிக்கும்." வீடு மாறுகிற எல்லோர் கையிலும் அவர் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் என்றால் தலையணை.

பூரணாங்குப்பத்தில் புருஷன் விட்டுப்போன ஒரு பெண் வீட்டைக் காலி செய்தபோது நானும் கூடப் போயிருந்தேன். என் வகுப்பில் படித்த பிள்ளையின் அம்மா. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. தனகோட்டி கிழிந்த மெத்தை, நசுங்கிய அண்டா, ஒட்டுப்போட்ட நாற்காலி எல்லாவற்றையும் வண்டிக்கு நடுவில் வைத்தார். ஓரத்தில் நல்ல பாய், பளபளப்பான தவலை, புதுசாக இருந்த ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. பார்க்கிறவர்களுக்கு வசதியான குடும்பம் போகிற மாதிரி இருந்தது. "கிழிஞ்சத ரோட்டுக்கு எதுக்கு சார் காட்டணும்" என்றார். அந்தப் பெண் வண்டி நகரும்வரை அழவில்லை. தெரு தாண்டியதும் அழுதாள்.

இதையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்டவருக்கு 'மூக்குத்தூக்கி' என்று பேர் வைத்ததும் நீங்கள்தான். மலை ஏற்றத்துக்குப் பாரத்தை வண்டியின் வாலில், பின்கோடியில் ஏற்றி, வண்டி மூக்கைத் தூக்கி, மச்சான் முருகையன் காலை எடுத்தவர் என்று. வீட்டுச் சாமான் ஏற்ற அவரைக் கூப்பிடாதே என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நடந்தது இதுதான்.

கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் எனக்குத் தலைமையாசிரியர் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். பாகூர் வீட்டில் நாங்கள் நேரம் பார்க்காமல் பால் காய்ச்சியவர்கள். அந்த வீட்டில் செல்விக்கு இரண்டு முறை கரு கலைந்தது. கணக்கு வாத்தியார் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்காதீர்கள், நம்பினேன். ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்குள் பால் பொங்க வேண்டும், அதற்கு முன்னால் பீரோ கன்னி மூலையில் போய் நிற்க வேண்டும், மற்ற சாமான் ஒன்றும் அதற்கு முந்தக் கூடாது என்றார். வீட்டின் தென்மேற்கு மூலையில் கனம் இருந்தால்தான் அங்கே ஒரு உயிர் தங்குமாம்.

மலைக்கென்று நான் வேறு வண்டி விசாரிக்கவில்லை. நம்ம தனகோட்டி இருக்கும்போது எவனையோ எதற்குக் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டேன். சாமான் ஏற்றும்போது வழக்கம்போலப் பீரோவை முன்னால் கொண்டுபோனார். நான் தடுத்தேன். அது கடைசியாக ஏறட்டும், அப்போதுதான் முதலில் இறங்கும் என்றேன். கிரைண்டரும் அப்படியே, பீரோவை அடுத்து இறங்கப் பின்னாலேயே இருக்கட்டும் என்றேன்.

"வேணாம் சார். மலை அது. பாரம் வாலுல இருந்தா வண்டி மூக்கத் தூக்கும்" என்றார்.

நான் கேட்கவில்லை. ஜோசியர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். செல்வி உள்ளே பால் சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். "சரி சார். ஆசப்பட்டுக் குடி போறீங்க" என்றார். மாமா வண்டியில் கையாளாக இருந்த முருகையன் அப்போது வாடகைக் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது பீரோ வாலில் நின்றது. மாமா ஏற்றினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் ஒன்றும் கேட்காமல் கட்டினான்.

விடியற்காலையில் கிளம்பினோம். கள்ளக்குறிச்சிக்கு முன்னால் பஞ்சர். ஒரு மணி நேரம் போயிற்று. மலை அடிவாரத்தில் தனகோட்டி வண்டியை ஓரங்கட்டினார். முருகையன் ஒன்றுக்கிருக்கப் புதர்ப்பக்கம் போயிருந்தான். தனகோட்டி என் பக்கத்துக் கதவருகே வந்து நின்று, செல்விக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அர மணி நேரம் குடுங்க சார். எறக்கி மாத்தி ஏத்திர்றேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரம் தப்பிடும்பா, ஏறு" என்றேன்.

அவர் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் லேசாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கேபினில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம், ஸ்டீயரிங் அவர் கையில் சும்மா சுற்றியதை நானே பார்த்தேன். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. லோடு மேல் உட்கார்ந்து வந்த முருகையன் குதித்து, கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்குக் கீழே கொடுத்தான். வண்டி நின்றது. பின்கதவு தாங்கவில்லை. பீரோ சரிந்து குனிந்திருந்தவன் கால்மேல் விழுந்தது. செல்வி மடியிலிருந்த பால் என்ன ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சாமானையெல்லாம் ரோட்டோரம் கொட்டிவிட்டு அதே வண்டியில் அவனைக் கீழே கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் பச்சையம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்று புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பீரோவப் பின்னால எவன் ஏத்துனது?"

நான் இரண்டடி தள்ளி நின்றேன். பேச வாய் திறந்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், திறக்கவில்லை.

"நாந்தான் ஏத்துனேன். தப்பா பூடுச்சு" என்றார் தனகோட்டி.

அந்த மலையில் நாங்கள் ஒன்றரை வருடம் இருந்தோம். பிள்ளை தங்கவில்லை. பள்ளியையும் மூடிவிட்டார்கள். திரும்பி வர நான் வேறு ஆள் தேடினேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல். எப்படியோ தெரிந்துகொண்டு அவரே வண்டியோடு மலையேறி வந்துவிட்டார். பீரோவை முன்னால் ஏற்றி, கேபினோடு சேர்த்து மூன்று சுற்றுக் கட்டினார். இறங்கும்போது அந்த மூன்றாவது வளைவில் கேட்டேன், ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று. "உங்களச் சொன்னா அவனுக்குக் கால் மொளைக்குமா சார்? வண்டி என் கையில இருந்துது. மாட்டேன்னு நான் எறங்கி நின்னுருக்கணும்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டேன் என்பதைத்தான் இன்றுவரை செல்வியிடம்கூடச் சொன்னதில்லை.

அதன்பிறகு அவருக்கு வீட்டுச் சாமான் லோடு கிடைக்கவே இல்லை. கரும்பு, இளநீர், வைக்கோல் என்று ஓட்டினார். ஒருநாள் பாகூர் ஏரிக்கரையில் யாரோ வீடு மாறிப் போகிற வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் கிழிந்த மெத்தை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பால் தெளிக்கிற அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்ததும், பச்சையம்மாவிடமும் முருகையனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சையம்மா நான் முடிக்கும்வரை கேட்டார். "அவுரு மூச்சு இருக்கும்போது சொல்றதுக்கு இன்னா சார்" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

முருகையன் கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாமா பொங்கலுக்குப் பொங்கல் வூட்டாண்ட வந்து நிப்பாரு சார்" என்றான். "கரும்ப வெளியவே சாத்திட்டுப் பூடுவாரு. நான் உள்ளாரயே குந்திக்கினு இருப்பேன். கேட்டும் கேக்காத மாதிரி." பிறகு, "அடிவாரத்துல எவ்ளோ நேரம் கேட்டாரு?" என்றான்.

"அரை மணி."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இதைச் சொல்லி நான் எதையும் திருப்பிவிட முடியாது என்று தெரியும். அந்தப் பட்டப்பேரை அவர் காதால் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று படத்தைத் திறக்கும்போதாவது அந்தப் பேரை யாரும் முணுமுணுக்காதீர்கள். அவராக ஒருநாளும் பாரத்தை வாலில் ஏற்றியவர் இல்லை. ஏற்றச் சொன்னவன் நான்.

அவருடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கயிறு இல்லை, போட்டோ இல்லை. அவர் கேட்டு நான் கொடுக்காத அந்த அரை மணி நேரம்தான் இருக்கிறது.