மாலை போட்ட அண்டாவோடு மங்கலம்பேட்டை வரை

புயல் அடித்துப் பத்து நாள்தான் ஆகிறது, இப்போது போய் யாராவது அந்தப் பக்கம் ஊர் சுற்றுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நான் ஊர் சுற்றப் போகவில்லை, கல்யாணத்துக்குப் போனேன். சிதம்பரத்தில் படித்தபோது விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஸ்டெல்லாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் கல்யாணம். 2012 ஜனவரி, ஒரு புதன்கிழமை. தானே புயல் கரையேறிய நாளிலிருந்து அவள் செல்போன் அணைந்தே கிடந்தது. ஏதாவது மாற்றம் என்றால் சொல்லியிருப்பாளே என்று திங்கட்கிழமை காலையே மயிலாடுதுறையில் பஸ் ஏறிவிட்டேன். போனே இல்லாதவள் எப்படிச் சொல்வாள் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

சிதம்பரம் வரை ஒன்றேகால் மணி நேரம், பதினேழு ரூபாய். ஆருத்ரா தரிசனம் முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம் பஸ் நிலையத்தில் நெரிந்தது. கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு, மேல வீதியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். சிதம்பரத்தில் புயலின் சுவடு அவ்வளவாகத் தெரியவில்லை. வடக்கே போகப் போகத்தான் தெரிந்தது. செம்மங்குப்பம் தாண்டும்போது பார்த்தால், மின்கம்பங்கள் வரிசையாக வயலில் படுத்திருந்தன. கூரை இல்லாத வீட்டுக்குள் ஒரு பெண் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலை மூடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

பக்கத்தில் நெல்லிக்குப்பத்து அம்மா ஒருவர், மடியில் மெழுகுவத்திக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பாப்பா போற?"

"மேல்பட்டாம்பாக்கம். ஒரு கல்யாணத்துக்கு."

"அந்த மண்டபத்துக் கல்யாணமா? அது நின்னு போச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? நேத்து பஸ்ஸுல போவும்போது நானே கண்ணால பார்த்தேன். மண்டபத்துலேர்ந்து பாத்திரத்தையெல்லாம் மினிலாரில ஏத்திக்கிட்டிருக்கான் சமையல்காரன். கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்திரம் வெளிய போவுதுன்னா என்னா அர்த்தம்? மாப்ள வூட்ல எதுனா ஜாஸ்தியா கேட்டிருப்பாங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "மங்கலம்பேட்டை மாப்ளதான? அவுங்களும் வேணாம்னுட்டாங்களாம்." இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள், மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணே பார்த்துவிட்டார்கள்.

கடலூரில் இறங்கி எட்டு ரூபாய் டிக்கெட்டில் மேல்பட்டாம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஸ்டெல்லாவின் அம்மா மேரி, என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "நீயும் கேட்டுட்டுதான் வர்றியா?"

நடந்தது இவ்வளவுதான். புயலில் மண்டபத்தின் கூரைத் தகடுகள் பறந்துவிட்டன. புதன்கிழமைக்குள் வேய்ந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த மண்டபத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை கையை விரித்துவிட்டார். உடனே ஸ்டெல்லாவின் அப்பா, பக்கத்து ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் களத்தைப் பேசி முடித்து, பாத்திரங்களை அங்கே மாற்றினார். மண்டபத்துக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு தெரு. அந்த ஒரு தெருவைக் கடந்த பாத்திரங்களைத்தான் பஸ்ஸில் போன சனம் பார்த்துவிட்டது. அன்று மாலையே, வடலூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்து உட்கார்ந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் பயம் என்னவென்றால், வதந்தி மங்கலம்பேட்டையை எட்டியிருக்கும். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாப்பிள்ளை வீட்டார் அதை நம்பிவிட்டால், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டார்களே என்ற கோபத்தில் அவர்களே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பொய்யே மெய்யாகிவிடும். ஸ்டெல்லா உள்ளே மருதாணி வைக்காத கையோடு உட்கார்ந்திருந்தாள். "வைக்கட்டுமாடி?" என்றேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

லூர்து மாமா, மேரி அம்மாவின் தம்பி, பைக்கில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். மேரி அம்மா விடவில்லை.

"அவுங்க ஒரு வூட்டுக்குச் சொல்லிடுவ. அவுங்க சாதிசனம் பண்ருட்டி, காடாம்புலியூரு, வடலூருன்னு ரோடு பூரா இருக்கே, அவுங்களுக்கு யாரு சொல்றது? நீ போயி நிக்கல, நிக்கலன்னு சொன்னா, நிக்கப் போவுதுன்னுதான் நினைப்பான். பாத்திரத்த பார்த்துதான நம்புனானுங்க? பாத்திரத்தையே காட்டு."

மேரி அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்று இருந்தது. அதைப் புளிபோட்டுத் தேய்த்து, கழுத்தில் சாமந்தி மாலை கட்டி, விருத்தாசலம் பஸ்ஸின் மேலே ஏற்றி மங்கலம்பேட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். இதுதான் திட்டம்.

"எதுக்குக்கா? மாப்ள வூட்டுக்கு அண்டா எதுக்குப் போவுதுன்னு எவனுக்கும் புரியாதே!" என்றார் மாமா.

"புரியலன்னா கேப்பான். கேட்டா சொல்லு. மாலையில்லாத அண்டா போனாதான் திரும்பிப் போற அண்டா. மாலை போட்டிருந்தா கல்யாண அண்டா."

துணைக்கு என்னையும் போகச் சொன்னார். சொந்தக்காரன் சொன்னால் மறைக்கிறான் என்பார்களாம், வெளியூர்ப் பெண் சொன்னால் நம்புவார்களாம். எம்.ஏ. படித்த எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பொறுப்பான பதவி, அண்டாவுக்குத் துணை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி பஸ். கண்டக்டர் அண்டாவையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாங்க இது, சாமி ஊர்வலமா? மேல கட்றதுனா நீங்களே ஏறிக் கட்டிக்கங்க. லக்கேஜ் டிக்கெட்டு உண்டு." மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கீழே நின்ற நான் விஷயத்தைச் சொன்னேன். கண்டக்டர் காசை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, "அடப்பாவிங்களா, நானும் நின்னு போச்சுன்னுல்ல நாலு பேருகிட்ட சொன்னேன்!" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. பண்ருட்டியில் பஸ் நின்றதும் டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "என்னா அண்டா?" படியில் தொங்கிக்கொண்டே கண்டக்டர் பதில் சொன்னார்: "மேல்பட்டாம்பாக்கம் கல்யாணம்! நாளைக்குத்தான்! மண்டபத்துல இல்ல, ரைஸ் மில்லு களத்துல!" செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிற வேகம் அவருக்கு. டிரைவர் தன் பங்குக்கு, நாலு பேர் நிற்கிற இடத்திலெல்லாம் ஹாரனை அழுத்தினார். கேட்டவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்குள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரண்ட் இல்லை, டிவி இல்லை, போன் இல்லை. ஆனாலும் செய்தி எங்கள் கண்ணெதிரே கிளை கிளையாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

பண்ருட்டி தாண்டினால் பலாவும் முந்திரியும் நிழல் கட்டிய சாலை என்று படித்த காலத்தில் ஸ்டெல்லா பீற்றிக்கொள்வாள். நான் பார்த்தபோது நிழல் இல்லை. கிழட்டு மரங்கள் வேரோடு சாய்ந்து, மண் ஒட்டிய வேர்கள் வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. காடாம்புலியூரில், சாய்ந்த மரத்தின் மேல் அரிவாளோடு உட்கார்ந்திருந்த ஒருவர், மற்றவர்களைப்போல் கத்தவில்லை. இறங்கி வந்து என் ஜன்னலோரம் நின்று மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணமா? இந்த நேரத்துலயா?"

"ஆமாங்க. நாளைக்கு."

"எங்களுக்குப் பத்திரிகை இல்லியே" என்று லேசாகச் சிரித்தார்.

"அண்டாதான் பத்திரிகை. வாங்க" என்றேன். மேரி அம்மாவைக் கேட்காமல் நானே அழைத்துவிட்டேன். அவர் பெயர் கொளஞ்சி என்று பிறகு தெரிந்தது.

விருத்தாசலத்தில் இறங்கி, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் அண்டாவை மாற்றினோம். மங்கலம்பேட்டை நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டமாக நின்றிருந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

"நேத்துலேர்ந்து கோவத்துல சோறு எறங்கல. காலையில உங்க வூட்டுக்கு வந்து நாலு கேள்வி கேக்கணும்னுதான் சட்டைய மாட்டுனேன். பண்ருட்டிலேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வந்த பையன், சம்பந்தி வூட்டு அண்டா மாலை போட்டுக்கிட்டு பஸ்ஸு மேல வருதுன்னான். அதே சட்டையோட அழைக்க வந்துட்டேன் மச்சான்" என்று மாமாவைக் கட்டிக்கொண்டார். எங்களுக்கு முன்னால் எங்கள் அண்டா போய்ச் சேர்ந்திருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமாகவும் இல்லை.

காப்பி குடித்துக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அண்டாவை எட்டிப் பார்த்தார். "வெறும் பாத்திரமாவா திருப்பி அனுப்புறது?" என்று முறத்தால் அரிசி அள்ளிப் போட்டு, மேலே இரண்டு உருண்டை வெல்லமும் வைத்தார். அந்த வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு, கிண்ணத்தில் குழம்பு வந்தால் சர்க்கரையாவது போட்டுத் திருப்புவோம். ஆனால் ஒரு சாலையே அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அதே கண்டக்டர், அதே பஸ்ஸோடு விருத்தாசலத்தில் காத்திருந்தார். விஷயம் அவர் வாயில் நிற்குமா? "வெறும் அண்டா திரும்பக் கூடாதாம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வடலூரில் ஒருவர், புயலில் விழுந்த தென்னையின் காய்களைக் கோணியில் கட்டிக் கொடுத்தார். துக்கம் விசாரித்துவிட்டுப் போனவரும் அங்கே நின்றிருந்தார், மாமாதான் காட்டினார். ஒரு பரங்கிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்துவிட்டு, மாமாவின் கண்ணைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டார். காடாம்புலியூரில் கொளஞ்சி ஒரு சாக்கோடு நின்றிருந்தார். உள்ளே உள்ளங்கையளவு பலாப்பிஞ்சுகள்.

"வேரு பாதி மண்ணுல இருந்த மரம். பொழைச்சிக்கும்னு பார்த்தேன், பொழைக்கல. எங்க தாத்தா வச்சது. மரமே போனப்புறம் பிஞ்ச வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்? கல்யாண அண்டாவுல வேவட்டும்."

மாமா கைநீட்டி வாங்கினார். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் அண்டாவை இறக்க முடியவில்லை, அவ்வளவு கனம். பயணிகள் இறங்கி வரிசையாக நின்று ஒவ்வொன்றாகக் கைமாற்றிக் கீழே வைத்தார்கள். அதுவரை எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்த மேரி அம்மா, பலாப்பிஞ்சின் கதையைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா உள்ளேயிருந்து ஓடிவந்து இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள். "இப்ப வைடி."

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து களத்தில் விருந்து. போட்டிருந்த பந்தி போதாமல், லாரித் தார்ப்பாய் விரித்து இன்னொரு வரிசை போட்டார்கள். நெல்லிக்குப்பத்து அம்மாவும் வந்திருந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல பாப்பா, இந்தக் கல்யாணம் ஜோரா நடக்கும்னு!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். என்ன செய்வது, சிரித்தேன். கொளஞ்சி மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார, மேரி அம்மா பலாப்பிஞ்சுக் கறியைத் தானே எடுத்துப்போய் முதல் கரண்டியை அவர் இலையில் வைத்தார். அவர் அதில் பாதியை மனைவியின் இலைக்கு மாற்றிவிட்டுச் சாப்பிட்டார்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: பஸ்கள் ஓடுகின்றன, சாலையில் மரங்களை வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். நான் வந்தபோது கிராமங்களில் கரண்ட் வரவில்லை, டார்ச்சும் மெழுகுவத்தியும் எடுத்துப்போங்கள். சிதம்பரத்தில் தங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால், கடலூர், பண்ருட்டி வழியாக விருத்தாசலம் வரை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். சாய்ந்த மரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுக்காதீர்கள், பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நின்றிருப்பார். பஸ்ஸில் எதையாவது கண்ணால் பார்த்தால், பக்கத்துச் சீட்டில் சொல்வதற்கு முன் ஒருமுறை இறங்கி விசாரியுங்கள். தாமதமாகச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது, இந்த ஊர்களில் செய்தி எப்படியும் உங்களுக்கு முன்னால் போய்விடும்.

வியாழக்கிழமை காலை நான் ஊருக்குக் கிளம்பினேன். எதிர்ப்பக்கம் விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. லூர்து மாமா மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டி மேலே ஏறினார். அண்டாவின் வாய்க்கு மேல் பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன, ஸ்டெல்லாவின் அப்பா எங்கேயோ அலைந்து வாங்கிவந்த பலாக்கன்றுகள். டிக்கெட் எடுக்க நீட்டிய காசைக் கண்டக்டர் வாங்கவில்லை.

நிறுத்தத்தில் நின்ற ஒருவர் கேட்டார்: "என்னாங்க, கல்யாணம் முடிஞ்சி அண்டா திரும்பிப் போவுதா?"

"திரும்பிப் போவல" என்றார் கண்டக்டர். "காடாம்புலியூருக்கு மரம் வைக்கப் போவுது."