நஞ்சுண்டனின் பீரங்கிக் குண்டு

எடிசன் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு நஞ்சுண்டன் தங்கமான பிள்ளைதான். ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் ஐ.டி. வேலை. ஆனால் பழைய இரும்பைக் கண்டால் போதும், புத்தி பேதலித்துவிடும். 2005 கோடையில் ஃப்ளீ மார்க்கெட் என்கிற பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டைக் கொண்டுவந்து கராஜில் நிறுத்தினான். விக்டோரியா ராணி காலத்துப் போர்க்கப்பலுடையதாம். முழங்கால் உயரம், கூர்மூக்கு. பீரங்கிக் குழாய்க்குள் சுழன்று போவதற்காக உடம்பில் பித்தளைக் குமிழ்கள். மூக்கு நுனியில் திரி வைக்கிற ஓட்டை, துருவும் காய்ந்த களிம்புமாக அடைத்துக் கிடந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு வித்தவனே சொன்னான் ஆன்ட்டி" என்றான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்!

ஆயுதமாயிற்றே என்று வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஓட்டைக் களிம்பைக் குத்தி ஊதுபத்தி செருகினான். ஒரு பத்தியும் பாதிக்குமேல் எரியவில்லை. காற்றே புகாத கராஜில் யாரோ ஊதியதுபோல அணைந்துவிடும். இவனோ ஓக் ட்ரீ ரோடு கடைக்காரனைத் திட்டிக்கொண்டு வேறு கட்டு வாங்கினான். எனக்கு அந்தப் பக்கம் போகவே உடம்பு கூசியது.

ஆயுத பூஜை வந்தது. கார், லேப்டாப், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு. அவன் மனைவி வான்மதி நிறைமாதக் கர்ப்பிணி, சொம்பும் தட்டுமாக நின்றாள்.

"குண்டுக்குப் பின்னாடியும் சந்தனம் வைக்கணும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க ஆன்ட்டி" என்றான் நஞ்சுண்டன்.

சாய்த்தேன். உள்ளே சரசரவென்று என்னமோ சரிந்தது.

"ஐயையோ! வெடிமருந்தா இருக்கப்போகுதுடா!"

"துரு ஆன்ட்டி. சும்மா டென்ஷன் பண்ணாதீங்க."

ஓட்டையின் மேலேயே கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சி உரசினான். அணைந்தது. அடுத்ததை எடுத்தான். வான்மதி சொம்புத் தண்ணீரை அவன் கைமேலேயே கொட்டினாள்.

"இந்தச் சனியனை வெளிய அனுப்புங்க. இல்லேன்னா நான் போறேன்."

911-க்குக் கூப்பிட்டோம். போலீஸ் தெருவையே காலி செய்தது. குண்டு நிறைய மருந்து, காய்ந்து பொடியாக, இன்னும் வெடிக்கிற பதத்தில் இருந்ததாம். ஒடிந்த ஊதுபத்திக் குச்சிகள் அதற்குள் புதைந்திருந்தனவாம். செருகியது யார் என்று அதிகாரி கேட்டார். நஞ்சுண்டன் ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் தீப்பெட்டியைத் தொடுவதில்லை.

பெண் குழந்தை பிறந்தது. முதல் பிறந்தநாள் கேக்கில் வான்மதிதான் மெழுகுவத்தி ஏற்றினாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. குழந்தை ஊதுவதற்குள் அது தானாக அணைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சுண்டன் மட்டும் கைகூப்பி நின்றான்.