வான்கோழிக்குக் கொடுத்த குரல்

காலையில் மருமகள் ஸ்லோ குக்கரில் வைத்த வான்கோழி நெஞ்சுக்கறி இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. எந்த அறையில் போய் உட்கார்ந்தாலும் வாசம் பின்னாலேயே வருகிறது.

சமயநல்லூரில் அப்பா கிறிஸ்துமஸுக்காக வான்கோழி வளர்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கூப்பிட்டால் போதும், பதில் குரல் கொடுத்துக்கொண்டே ஓடிவரும். பண்டிகைக்கு முந்தின நாள் அது வேப்பமரத்தில் ஏறிக்கொண்டது. அப்பா எம்புட்டு விரட்டியும் இறங்கவில்லை.

"நீ கூப்புடு தாயி. உன் சத்தத்துக்குத்தான் வரும்."

அவர் முதுகுக்குப் பின்னால் கத்தி இருந்தது எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. கூப்பிட்டேன். பதில் குரல் கொடுத்துக்கொண்டே இறங்கி வந்தது.

"அத்தே, கறி வெந்துருச்சு. சாப்புட வாங்க!" மருமகள் கூப்பிடுகிறாள்.

"இந்தா வாரேம்மா" என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டே எழுந்து போகிறேன்.