செல்வராணியின் நெற்றி

செல்வராணி தன் நெற்றியைத் தானே கெடுத்துக்கொண்டாள். செய்வினை, கண்ணேறு, ஏழரைச் சனி என்று தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாம் சும்மா. கெடுத்தது, அவள் கடையில் அட்டை அட்டையாகத் தொங்கும் ஸ்டிக்கர் பொட்டு.

மாப்பிள்ளையூரணிக்குப் போகிற பஸ் நிற்கும் முக்கில் இருக்கிறது 'ராணி பேன்சி ஸ்டோர்'. வளையல், ஹேர்பின், நகப்பூச்சு, கவரிங் செயின், சிவப்பழகு கிரீம் என்று மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கிய சின்னக் கடை. முதலாளி, கணக்குப்பிள்ளை, விளம்பர மாடல் எல்லாம் செல்வராணிதான். மதுரையிலிருந்து புது டிசைன் பொட்டு வந்தால் முதல் பொட்டு அவள் நெற்றிக்குப் போகும். வருகிற பெண்கள் அட்டையைப் பார்க்க மாட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்து, உங்க நெத்தியில இருக்கதையே குடுங்கக்கா என்பார்கள். வருஷக்கணக்காக வியாபாரம் இப்படித்தான் ஓடியது.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எடுத்த பொட்டைக் குப்பையில் போடமாட்டாள். கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவாள். குளியலறைக் கண்ணாடி, பீரோ, ஃப்ரிட்ஜ், கல்லாப்பெட்டி, கேஸ் சிலிண்டர் என்று அந்த வீட்டில் எல்லாமே சுமங்கலிதான். புருஷன் செந்தில்முருகன், நிலக்கரியும் கோதுமையும் ஏற்றி உலகத்தைச் சுற்றும் கப்பல் ஒன்றில் சமையல்காரன். வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான் கிடப்பான். ஒரு தடவை லீவு முடிந்து கப்பலேறியவன், முதுகுச் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருப்பது தெரியாமல் கேப்டன் முன்னால் போய் நிற்க, கப்பலே சிரித்ததாம். போனில் கத்தினான். இவள் மறுமுனையில் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த மெரூன் பொட்டு வந்தபோது அவன் லீவில் இருந்தான். நீள்வட்டம், நடுவில் ஒரு வெள்ளைக் கல். இட்லியைப் பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, இது உனக்கு நல்லாருக்கு என்றான். உப்பு உறைப்பைத் தவிர வேறெதையும் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் அவன். கல்யாணப் பட்டுக்குக்கூட அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. ஆகவே அவன் கப்பலேறிய பிறகும் செல்வராணி அதையே விடாமல் வைத்தாள். அரித்தது; சொறிந்தாள். சொறிந்த இடம் தடித்தது, தடிப்பு அடங்கியதும் கறுத்தது. ஒருநாள் காலையில் பொட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், பொட்டு இன்னும் அங்கேயே இருந்தது.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். இவளிடம் சரக்கு இருந்தது. கறையை மறைக்கக் கொஞ்சம் பெரிய பொட்டு வைத்தாள். அந்தப் பசை புதுத் தோலில் பட்டு அதுவும் கறுத்தது. அதை மறைக்க அதைவிடப் பெரியது. சுண்டுவிரல் நகத்தில் தொடங்கிய விஷயம் ஐந்து ரூபாய் நாணயத்தில் வந்து நின்றபோது, பக்கத்துத் தையல்கடை டெல்பின் ஊசியில் நூல் கோத்தபடி, "அக்கா, இன்னும் கொஞ்ச நாள் போனா சாப்பாட்டுத் தட்டத்தான் ஒட்டணும்" என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செல்வராணி கறுப்பு. சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த, நல்ல மினுமினுப்பான கறுப்பு. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பழகு கிரீமை ஊருக்கெல்லாம் விற்றாலும் ஒரு பொட்டு எடுத்துத் தன் முகத்தில் தடவியது கிடையாது. இப்போதும் அவள் வெள்ளையாக ஆசைப்படவில்லை. நெற்றியும் கன்னமும் ஒரே கறுப்பாக இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். இந்தச் சின்னக் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை. எலுமிச்சம்பழம் தேய் என்றார்கள். தேய்த்துக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனாள், தூத்துக்குடி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கஸ்தூரி மஞ்சள், ஜாதிக்காய், உருளைக்கிழங்கு என்று நெற்றியில் ஒரு பலசரக்குக் கடையே ஏறி இறங்கியது. கடைசியில் மெடிக்கல் ஸ்டோர் பாண்டியராஜ், எல்லோரும் வாங்குகிறார்கள் என்று சொல்லி, ஒரு டியூபைக் கொடுத்தான். தடவத் தடவக் கறை வெளுத்தது. செல்வராணி அவனுக்கு லட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். டியூப் தீர்ந்த கையோடு நெற்றி சிவந்து எரிந்து, கறை பழையதைவிட இரு மடங்காகத் திரும்பி வந்தது. லட்டைத் திரும்பக் கேட்க முடியாது.

அப்புறம்தான் தோல் டாக்டர் ஞானதீபம். அந்த அம்மா பாண்டியராஜின் டியூபை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, கண்டபடி தடவினால் இப்படித்தான் ஆகும் என்று குப்பைக்கூடையில் போட்டார். தன் கையையும் செல்வராணி கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே நிறம். "நம்ம நிறத்துத் தோலுல சின்னப் புண்ணு ஆறுனாலும் கறை லேசுல போவாது. தேய்க்கத் தேய்க்கக் கூடத்தான் செய்யும். சும்மா விடுங்க, அதுவா மங்கும்" என்றார். சும்மா விடுவதற்கும் ஒரு முறை இருந்தது. ஸ்டிக்கர் இனி ஆயுளுக்கும் கூடாது. கறை மங்கும்வரை குங்குமமும் கூடாது, அதிலும் சாயம் இருக்கிறது. காலையிலும் மத்தியானமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும். இரவுக்கு ஒரு கிரீம், அவர் நிறுத்தச் சொல்கிற நாள்வரை மட்டும். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பொட்டுக் கடைக்காரி வெறும் நெற்றியோடு கடை திறந்தாள். ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. கிறிஸ்தவ டாக்டரிடம் போனாள், பொட்டை எடுத்துவிட்டாள், ஆகவே மதம் மாறி வேதத்துக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமே இரண்டு பெண்கள் கடைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அன்போடு கூப்பிட்டார்கள். செல்வராணி அவர்களுக்கு ஆளுக்கொரு ஹேர்பேண்ட் விற்று அனுப்பினாள். வேடிக்கை என்னவென்றால், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் டெல்பின் நெற்றியில் பொட்டு இருந்தது. அம்மனைக் கும்பிடுகிற செல்வராணி நெற்றிதான் காலி.

சன்ஸ்கிரீன் இன்னொரு குழப்பம் செய்தது. அவள் நிறத்துக்கு அது ஒட்டாமல் சாம்பல் பூத்து நின்றது. பார்த்தவர்கள் திருநீறு என்று எண்ணிக்கொண்டு, திரும்ப வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். டாக்டரிடம் போய்ச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, வெள்ளை பூக்காத ஜெல் ஒன்றை எழுதிக்கொடுத்தார். சாம்பல் போயிற்று, செல்வராணி மறுபடியும் வேதக்காரி ஆனாள்.

இதையெல்லாம் அவள் ரசிக்கவே செய்தாள். ரசிக்க முடியாத ஒன்று இருந்தது. அது நாத்தனார் முருகேஸ்வரி. செந்தில்முருகனின் ஒரே தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆள் குட்டை, நாக்கு நீளம், அண்ணன் மேல் உயிர். வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் கோயில் குங்குமத்தை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பாள். "மதினி, எங்கண்ணன் தண்ணியில கெடக்கான். நீங்க இப்பிடி வெறும் நெத்தியா இருந்தா எனக்கு ஈரக்கொல நடுங்குது" என்பாள். கப்பல் டீசலில் ஓடுகிறது, தன் நெற்றியில் ஓடவில்லை என்று செல்வராணி பதில் சொல்வாள். முருகேஸ்வரி டப்பாவை மூடிக்கொண்டு அழுதபடி போவாள்.

புருஷனிடம் முதலில் மறைத்தாள். வீடியோ காலில் போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வாள். அவன் பாவம், பல நாள் அவளுடைய தாடையோடும் தொண்டையோடும் குடும்பம் நடத்தினான். அப்புறம் கேட்டேவிட்டான். சொன்னாள். டாக்டர் சொன்ன மாதிரி செய் என்றான், அவ்வளவுதான். அவன் இன்னும் இரண்டு வார்த்தை கூடப் பேசியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வைகாசியில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. குங்குமத் தட்டு வரிசையாக வந்தது. தட்டை எடுத்துவந்த பெண் செல்வராணிக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள், நெற்றியைப் பார்த்தாள், என்ன ஏது என்று கேட்கச் சங்கடப்பட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டாள். தட்டு வந்திருந்தால் செல்வராணியே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் வராமல் போனது சுட்டது. சுவர் ஓரத்தில் தட்டு எப்போதுமே போகாத இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை விசேஷங்களில் அவர்களைத் தாண்டித் தட்டு வாங்கியிருக்கிறோமே, ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தோமா என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அழுதாள். அழுகையிலும் நெற்றியைத் தேய்க்கவில்லை. கறை பாதிக்குமேல் மங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆடி மாதம் செந்தில்முருகனின் கப்பலிலிருந்து போன் வருவது நின்றது.

முதல் நாள் செல்வராணி அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த நாளும் வரவில்லை. எங்கோ ஒரு கடலில் ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் தீ என்று டிவியில் கீழே ஒரு வரி ஓடியது. கம்பெனியின் மும்பை ஆபீசுக்குப் போன் போட்டார்கள். கப்பலில் நெட் பழுது, வேறு பிரச்சினை இல்லை என்றார்கள். பிரச்சினை இருந்தாலும் அவர்கள் அதைத்தானே சொல்வார்கள் என்றாள் முருகேஸ்வரி. வாழ்க்கையில் முதல் தடவையாக நாத்தனார் சொன்னது செல்வராணிக்குச் சரியாகப் பட்டது. சோறு இறங்கவில்லை. கடையில் யார் என்ன கேட்டாலும் வளையலையே எடுத்துக் கொடுத்தாள். கப்பல் டீசலில் ஓடுகிறது என்று சொன்ன வாய் ஒட்டிக்கொண்டது. தன் நெற்றியால்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது மடத்தனம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது போகவில்லை.

வெள்ளிக்கிழமை முருகேஸ்வரி டப்பாவோடு வந்தாள். செல்வராணி எழுந்து நின்று தலையைக் குனிந்து கொடுத்தாள். முருகேஸ்வரி அழுதுகொண்டே கட்டைவிரலால் அழுத்தி வைத்தாள். சாயங்காலமே அரிக்கத் தொடங்கியது. அவள் அழிக்கவில்லை, மறுநாளும் புதிதாக வைத்துக்கொண்டாள். மங்கிக்கொண்டிருந்த இடம் தடித்துச் சிவந்து பொருக்குக் கட்டியது. டாக்டர் சொன்ன பொறுமை எல்லாம் கடலோடு போயிற்று. போகட்டும், அந்த மனுஷன் வந்தால் போதும் என்று கண்ணாடியிடம் சொன்னாள்.

செந்தில்முருகனின் வீடியோ கால் வந்தபோது மத்தியானம், நாத்தனார் கடையில்தான் இருந்தாள். நெட் கருவி எரிந்துபோய்விட்டது, துறைமுகத்துக்கு வந்துதான் மாற்ற முடிந்தது என்றான். முருகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாம் குங்குமத்தின் மகிமை என்றாள். செந்தில்முருகன் அதைக் கேட்கவில்லை. அவன் கண் மனைவியின் நெற்றியில் நின்றது.

"ராணி, என்னளா அது, இப்பிடிப் பொத்துப் போயிருக்கு. மொதல்ல அதக் கழுவு."

முருகேஸ்வரி குறுக்கே புகுந்தாள். "அண்ணே, நீ கடல்ல கெடக்க. மதினி பொட்டில்லாம இருக்கலாமா?"

அவன் எழுந்தான். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அறை ஆடியது, ஒரு கதவு திறந்தது. முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடியின் முன்னால் போனைக் காட்டினான். அதன் நடுவில், சோப்பு நுரை தெறித்துக் காய்ந்த புள்ளிகளுக்கிடையே, மெரூன் நிறத்தில் ஒரு நீள்வட்டப் பொட்டு. வெள்ளைக் கல் கீழே விழாமல் அப்படியே இருந்தது.

"போன லீவுல உன் மதினி இந்தக் கண்ணாடியில ஒட்டிப்போட்டது. நான் பாக்காமப் பெட்டியில வச்சிட்டு வந்துட்டேன். தெனமும் சவரம் பண்ணும்போது என் நெத்திக்கு நேரா நிக்கு. நாந்தான் எடுக்கல." போனைத் தன் முகத்துக்குத் திருப்பித் தங்கையைப் பார்த்தான். "அவ பொட்டு இங்கன இருக்குளா. போதுமா?"

முருகேஸ்வரி கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள். டெல்பின் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். செல்வராணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. வளைகாப்பில் அழுததைப்போல அது சுடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை நெருக்கிப் பிடித்தாள்.

"அந்தச் சனியன்தான் என் நெத்தியக் கெடுத்தது" என்றாள். "அங்கனயே இருக்கட்டும். கண்ணாடிக்கு அரிக்காது."

அன்றைக்கே முகம் கழுவினாள். டாக்டரிடம் போய்த் திட்டு வாங்கினாள், மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். மெரூன் அட்டைகளைக் கட்டி மதுரைக்கே திருப்பி அனுப்பினாள். மற்றப் பொட்டு கேட்டு வருகிறவர்களிடம் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒட்டிப் பாருங்கள், அரித்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியே கொடுக்கிறாள். வியாபாரம் கொஞ்சம் படுத்தது, சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முருகேஸ்வரி வழக்கம்போலக் குங்கும டப்பாவோடு வந்தாள். செல்வராணி உள்ளுக்குள் அலுத்துக்கொண்டாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. நேரே கடைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியின் முன்னால் நின்று, அண்ணன் மனைவியின் நெற்றி எந்த உயரத்தில் வரும் என்று பார்த்துக்கொண்டு, குங்குமம் தொட்ட கட்டைவிரலை நீட்டினாள். எட்டவில்லை. செல்வராணி ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.